தன் சாவைச் சொல்லப் போனவர்

பிச்சைமுத்துவுக்கு வந்திருப்பது இன்ன நோய் என்று கச்சிராயபாளையம் காலனியில் அவரைத் தவிர எல்லோருக்கும் தெரியும். கள்ளக்குறிச்சியில் வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்துவிட்டுச் சேலத்துக்கு அனுப்பினார்கள். சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பி, உணவுக்குழாயில் புற்றுக்கட்டி என்றார்கள். மகள் செவ்வந்தி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அப்பாவிடம் வந்து, "கொடல் புண்ணாம்பா. ஊசி போட்டா ஆறிடுமாம்" என்றாள். அவரும் நம்பினார். அல்லது நம்பியது போல இருந்துகொண்டார்.

அம்மா செல்லியம்மாள் போன பிறகு அப்பாவைப் பார்த்துக்கொள்வது செவ்வந்திதான். கட்டியவன் பெங்களூரில் சென்ட்ரிங் வேலையில் இருந்தான். பொங்கலுக்கும் தேர்தலுக்கும் வருவான். தம்பி வீரமுத்து கருணாபுரத்தில் குடும்பத்தோடு இருந்துகொண்டு லோடு ஆட்டோ ஓட்டினான். சேலத்துக்கு ஊசி போட அழைத்துப் போவதும் கூட்டி வருவதும் அவன் பாடு. சமைத்துப் போட்டு, வாந்தி எடுத்தால் தாங்கிப் பிடித்து, துணி மாற்றி விடுவது இவள் பாடு. சோறு தொண்டைக்குக் கீழே இறங்காததால் அப்பாவுக்கு மூன்று வேளையும் கஞ்சிதான்.

நோயாளி இருக்கிற வீட்டுக்கு யோசனை சொல்லக் காசா பணமா? ஆளுக்கொன்று சொன்னார்கள். அதில் ஒன்று அவள் மனதில் ஒட்டிக்கொண்டது. கல்வராயன் மலையில், வெள்ளிமலை தாண்டி ஒரு பெரியவர் கட்டிக்கு மருந்து கொடுக்கிறாராம். முதல் ஊசிக்கும் இரண்டாம் ஊசிக்கும் நடுவே ஒரு நாள், களை எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு மலை பஸ் ஏறினாள். இறங்கிக் கடுக்காய் மரங்களுக்கு நடுவே வெகுதூரம் நடந்து அவர் குடிசையைக் கண்டுபிடித்தாள். மனுஷர் ஏமாற்றுக்காரர் இல்லை. "இங்கிலீசு மருந்து எதுனா ஓடுதா?" என்றுதான் முதலில் கேட்டார். ஓடுகிறது என்று சொன்ன ஒரு பெண்ணை அவள் கண்ணெதிரிலேயே வெறுங்கையாகத் திருப்பி அனுப்பியிருந்தார். செவ்வந்தி, "இல்லீங்க" என்றாள்.

பொடியை மடித்துக் கொடுத்து அவர் பத்தியம் சொன்னார். ஒரு மண்டலத்துக்கு உப்பு கூடாது. புளி கூடாது. "மறந்து ஒரு கல்லு உப்பு வாயில பட்டாலும் மருந்து முறிஞ்சிடும், தாயீ."

அடுத்த முறை சேலத்தில் நர்ஸ், "நாட்டு மருந்து எதுவும் சாப்பிடறாரா?" என்று கேட்டாள். அவளிடமும் செவ்வந்தி, "இல்லீங்க சிஸ்டர்" என்றாள். ஊசி மருந்து சிறுநீரகத்தைத் தாக்காமல் இருக்கத் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்று நர்ஸ் சொன்னதை மட்டும் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். ஏன் கஞ்சி சப்பென்று இருக்கிறது என்று கேட்ட அப்பாவிடம், "டாக்டருதான் உப்பு வோணாம்னாரு" என்றாள். மலைப் பொடியைத் தேனில் குழைத்து, ஆஸ்பத்திரி மருந்து என்று சொல்லியே கொடுத்தாள்.

அவளைக் குறை சொல்லிவிடுவது சுலபம். இரண்டு சாமிக்கு ஒரே நேரத்தில் நேர்ந்துகொள்கிற மாதிரிதான் அவளுக்கு அது பட்டது. இரண்டில் ஒன்றாவது கண் திறக்காதா என்ற ஆசைதான். மலை சொன்னதையும் தவறாமல் செய்தாள், ஆஸ்பத்திரி சொன்னதையும் தவறாமல் செய்தாள். உப்பை நிறுத்தினாள், சொம்பு சொம்பாகத் தண்ணீர் கொடுத்தாள்.

இரண்டாவது ஊசிக்குப் பிறகு வாந்தி கடுமையாக இருந்தது. அது அடங்கியதும் பிச்சைமுத்து ஒரு மாதிரியானார். முதலில் பெயர்கள் மாறின. செவ்வந்தியை, "ஏ செல்லி" என்று அம்மா பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அது வயசானவர்களுக்கு நடப்பதுதான் என்று அவள் பொருட்படுத்தவில்லை. பிறகு ஒரு காலையில் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, "மோளக்காரங்க ஏன் இன்னும் வரல?" என்றார்.

"எந்த மோளம்பா? கனவு கண்டியா?"

அவர் வாசலில் யாரோ நிற்பது போல அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

இங்கே பிச்சைமுத்துவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கரும்பு வெட்டுவது அவர் பிழைப்பு. ஆனால் சொந்தபந்தம் முழுக்க அவரை அறிந்திருந்தது வேறொன்றால். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் வெளியூருக்குச் சொல்லப் போகிறவர் அவர்தான். ஒரு காலத்தில் ஊர்த்தெருக்காரர்களின் சாவையும் காலனி ஆட்களே ஓடி ஓடிச் சொல்ல வேண்டியிருந்தது. பிச்சைமுத்து இளவட்டமாக இருந்தபோது காலனியே கூடி, உங்கள் சாவை நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள் என்று அதை நிறுத்தியது. முன்னால் நின்று பேசியவர்களில் அவரும் ஒருவர். சொந்தக்காரர்களின் சாவு அப்படி இல்லை. அது கடமை. செல்போன் வந்துவிட்ட இந்தக் காலத்திலும் பெண் கொடுத்த வீட்டுக்கு ஆள் வந்து சொல்லவில்லை என்றால், எங்களை மனுஷனாகவே மதிக்கவில்லை என்று முறுக்கிக்கொண்டு, பிணத்தைத் தூக்குகிற எடுப்புக்கே வராதவர்கள் உண்டு.

அதற்கென்று முறை இருக்கிறது. சொல்லப் போகிறவர் வாசலிலேயே நிற்க வேண்டும். உள்ளே போகக் கூடாது, உட்காரக் கூடாது, தண்ணீர் கேட்கக் கூடாது, கிளம்பும்போது போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது. பிச்சைமுத்து இதில் எல்லாம் கறார். செல்லியம்மாளை எடுத்த மறுநாள் படையலுக்கு உலை வைத்த செவ்வந்தி, கைப்பழக்கத்தில் உப்பைப் போட்டுவிட்டாள். அந்தத் துக்கத்திலும் அவர் எழுந்து வந்து சோற்றைக் கொட்டச் சொன்னார். "செத்தவங்களுக்கு உப்பு ஆவாது. உப்பு போட்டா அவ போவ மாட்டா, வூட்டயே சுத்திக்கினு கெடப்பா." போகாமல் சுற்றிக்கொண்டு இருந்தால்தான் என்ன என்று செவ்வந்திக்கு அப்போது அழுகை முட்டியது. ஆனாலும் வேறு சோறு வடித்தாள்.

மோளத்தைக் கேட்ட அன்று மதியம் அவள் கஞ்சியைக் கொண்டுவந்து வைத்தாள். பிச்சைமுத்து ஒரு வாய் குடித்தார். கிண்ணத்தைக் கீழே வைத்து, சுவர் ஓரமாக நகர்த்திவிட்டு, தள்ளி உட்கார்ந்து கைகட்டிக்கொண்டார்.

"குடிப்பா."

"யாருக்கு வெச்சது இது?"

"உனுக்குதான். வேற யாரு இருக்கா வூட்டுல?"

"எனுக்கா?" என்றார். அவள் முகத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு குழந்தை மாதிரி உதடு பிதுங்கி அழ ஆரம்பித்தார். "எப்ப ஆச்சி? எனுக்கு ஒண்ணுமே தெரியலியே. ஒருத்தரும் சொல்லலியே."

"இன்னாப்பா ஆச்சி?"

"நான் செத்தது."

செவ்வந்திக்குப் பயத்தில் கோபம் வந்தது. பயந்தவர்களுக்கு முதலில் அதுதான் வரும். "செத்தவன் உக்காந்து பேசுவானா? இன்னா பேச்சு பேசற?" என்று கத்தி, அவர் கையில் நறுக்கென்று கிள்ளினாள். "வலிக்குதா இல்லியா?"

"வலிக்குது."

"அப்ப உசுரோடதான இருக்கற?"

"செத்தவனுக்கு வலிக்காதுன்னு எவன் வந்து சொன்னான் உனுக்கு?" என்றார் அவர் அழுகைக்கு நடுவே.

அதிலிருந்து நாளுக்கு நாள் மோசமானது. சில நேரம் தெளிவாக, "வெந்நீர் குடும்மா" என்று கேட்பார். அடுத்த நொடி, தன்னை ஏன் வீட்டிலேயே வைத்திருக்கிறார்கள், உடம்பு நாறாதா என்று பதறுவார். துணியை உதறி எழுந்து ஓடப் பார்ப்பார். கஞ்சியைத் தொடுவதே அபூர்வமானது. தண்ணீர் மட்டும் குடித்தார். எதிர்வீட்டு லட்சுமியம்மாள், காத்து சேஷ்டை என்று வேப்பிலை அடித்துவிட்டுப் போனாள். போகாத இடத்துக்குப் போய் நின்றவர் ஆயிற்றே, எந்தச் சாவு வீட்டு வாசலில் எதைத் தொற்றிக்கொண்டாரோ என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வீரமுத்து வந்தான். பெற்ற மகனைப் பார்த்து, "தம்பி எந்த ஊருங்க? செத்தவருக்கு நீங்க இன்னா மொற?" என்று பிச்சைமுத்து விசாரித்தார். வீரமுத்து வெளியே வந்து ஆட்டோவின் மேல் சாய்ந்து நின்றான்.

"அந்த ஊசிதான்யக்கா. மண்டைக்கு ஏறிடுச்சி. போதும். வர்ற வியாழக்கெழம மூணாவது ஊசிக்கு நான் சேலத்துக்கு வண்டிய எடுக்கப்போறதில்ல."

"ஊசி போடலன்னா கட்டி அடச்சிக்கும்டா வீரா. தண்ணி கூட எறங்காது."

"எறங்காம செத்தா சாவட்டும். புத்தியோட சாவட்டும். பெத்த அப்பன் என்னையப் பாத்து நீ யாருன்னு கேக்கறாருக்கா. இத எப்டி நான் தாங்கறது?"

"ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி ஒரு வார்த்த கேக்கலாம்டா."

"கேளு. இன்னா சொல்வாங்க? இன்னொரு ஊசி போடுன்னுதான் சொல்வாங்க."

அவள் போன் செய்யவில்லை. செய்தால், வேறு ஏதாவது கொடுத்தீர்களா என்று கேட்பார்கள். மலைப் பொடியின் பத்தியம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் பாக்கி. அதுவரை ஓட்டிவிட்டால் கட்டி கரைந்துவிடும், அப்பாவின் புத்தியும் திரும்பிவிடும், யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை என்று கணக்குப் போட்டாள். ஆனால் வியாழக்கிழமைக்குள் அவர் தெளியாவிட்டால் ஊசி நின்றுவிடும். நின்றால் அப்பா போய்விடுவார். அது ஒன்றுதான் அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை காலை அவள் ரேஷன் கடைக்குப் போய் வருவதற்குள் கட்டில் காலியாக இருந்தது. கொடியில் இருந்த வெள்ளை வேட்டியும் துண்டும் இல்லை. எதிர்வீட்டில் கேட்டாள், டீக்கடையில் கேட்டாள். கோமுகி வாய்க்கால் கரையில் தலைவிரிகோலமாக ஓடி, தண்ணீரைப் பார்த்துப் பார்த்து நின்றாள். அப்போதுதான் இடுப்பில் செருகியிருந்த செல் அடித்தது. நைனார்பாளையத்திலிருந்து அத்தை ராஜாம்பாள். அப்பாவின் உடன்பிறந்த தங்கை.

"யம்மா செவ்வந்தி... உங்கப்பன் இங்க வந்திருக்காரும்மா."

உயிர் வந்தது அவளுக்கு. "அத்த, உள்ள உக்கார வெய்யி. நான் இப்பவே பொறப்பட்டு வரன்."

"உள்ள வர மாட்றாரும்மா. வாசல்லயே நிக்கறாரு. அவரு இன்னா சொல்றாரு தெரியுமா..." அத்தை போனிலேயே ஓவென்று அழுதாள்.

தம்பிக்குப் போன் போட்டுவிட்டு சின்னசேலம் பஸ்ஸைப் பிடித்தாள். அங்கிருந்து இன்னொரு பஸ். நாலு அடி நடக்கவே தெம்பில்லாத மனுஷர் எப்படி இரண்டு பஸ் மாறி இவ்வளவு தூரம் போனார் என்று வழியெல்லாம் அவளுக்கு ஆச்சரியம். ஆயுசுக்கும் நடந்த வழி. புத்தி மறந்தாலும் கால் மறக்கவில்லை.

அத்தை வீட்டு வாசலில் கூட்டம். நல்ல வெயில். தெரு நடுவில், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு பிச்சைமுத்து நின்றார். வேட்டி உடம்பில் நிற்காமல் நழுவிக்கொண்டிருந்தது. அத்தை கையைப் பிடிக்கப் போனால் பின்வாங்கினார். "தொடாதம்மா. தீட்டு." சொம்பில் தண்ணீர் கொடுத்தால் வாங்கவில்லை. நல்லது கெட்டது தெரிந்தவர் பேசுகிற நிதானமான குரலில் திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னார்.

"கச்சிராயபாளையம் பிச்சைமுத்து காலமாயிட்டாரு. நாளைக்குப் பொழுது சாய எடுக்கறாங்க. ராஜாம்பாளு கூடப் பொறந்தவ. அவளுக்குத்தான் மொதல்ல சொல்லணும்னு வந்தன்."

"யண்ணா, நான்தான யண்ணா ராஜாம்பாளு! என்னப் பாரு!" என்று அத்தை நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

"அழுவாதம்மா. எல்லாரும் போறதுதான்."

எவனோ ஒருவன் செல்லைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டிருந்தான். அவன் வீட்டில் யாருக்கும் இப்படி ஒன்று வராமல் இருக்கட்டும். செவ்வந்தி அவனைத் தள்ளிக்கொண்டு போய் அப்பாவின் எதிரில் நின்றாள். அவர் கண்ணில் அவளைத் தெரிந்த அடையாளமே இல்லை. "யப்பா" என்று கத்த வாயெடுத்தாள். கத்தியும் கிள்ளியும் ஒன்றும் ஆகவில்லையே என்று நினைப்பு வந்தது. துக்கம் கேட்க வந்தவள் கேட்பது போல, மெதுவாகக் கேட்டாள்.

"எப்டிங்க தவறிட்டாரு?"

பிச்சைமுத்துவின் முகம் சற்று இளகியது. முறையாக ஒருத்தியாவது விசாரிக்கிறாள் அல்லவா? "ஒடம்புக்கு முடியாமதான் இருந்தாரு. கொடல் புண்ணுன்னு சொன்னாங்க. புண்ணுக்கு மயிரு கொட்டற அளவுக்கு எவனாச்சும் ஊசி போடுவானா? இன்னா நோவுன்னு அவருக்குத் தெரியும். பொண்ணு மனசு ஒடஞ்சிடுமேன்னு தெரியாத மாரியே இருந்துக்கினாரு."

"செத்துட்டாருன்னு... யாருங்க சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. அதான் வருத்தம். அந்தப் பொண்ணு தெனம் கஞ்சி காச்சி எதிர்ல வெக்கிது. உப்பு இல்ல. ஒரு நாள் இல்லன்னா மறந்துட்டான்னு சொல்லலாம். தெனமும் இல்ல. உப்பில்லாம யாருக்கும்மா வெப்பாங்க?" அவர் குரல் அங்கேதான் முதல்முறையாக உடைந்தது. "பெத்த பொண்ணு. தெரியாமயா வெக்கும்? அப்பதான் அவருக்கு வெளங்கிச்சி. பாவம், வாய்விட்டுச் சொல்லத்தான் அதுக்கு மனசு வரல."

செவ்வந்தி தெரு மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இத்தனை நாளும் தான் ஊட்டியதெல்லாம் படையலாக அவருக்குப் பட்டிருக்கிறது. மூன்று வேளையும், தன் கையாலேயே. உயிரோடு இருக்க வேண்டும் என்றுதானே வைத்தேன் என்று சொல்ல நினைத்தாள். அவர் காலைக் கட்டிக்கொண்டாள். இந்தத் தடவை தீட்டு என்று அவர் விலகவில்லை. விலகத் தெம்பில்லை. உடம்பு ஒருபக்கமாக இழுத்தது, பல் கிட்டியது, கண் மேலே போனது. வீரமுத்துவின் லோடு ஆட்டோ தெருமுனையில் திரும்பும்போது பிச்சைமுத்து அவள் மடியில் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தார்.

பின்பக்கத்தில் சாக்கை விரித்துப் படுக்க வைத்துக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இழுப்பு நிற்க ஊசி போட்டு, ரத்தம் எடுத்து, டாக்டரம்மா கேள்வி கேட்க ஆரம்பித்தாள். வீரமுத்து முந்திக்கொண்டான்.

"கேன்சர் ஊசிங்க மேடம். சேலத்துல போட்டது. அது போட்டதுல இருந்துதான் புத்தி பெசகிடுச்சி. இனிமே அந்த ஊசியே வோணாங்க."

டாக்டரம்மா சேலத்துச் சீட்டைப் புரட்டிக்கொண்டே, "சாப்பாடு எப்படி? என்ன கொடுக்கறீங்க?" என்றாள்.

"கஞ்சிங்க" என்றான் வீரமுத்து.

செவ்வந்தி வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். பழி ஊசி மேல் விழுந்துவிட்டது. ஊசி வந்து இல்லை என்று சொல்லப்போவதில்லை. ஆனால் பழி அங்கேயே நின்றால் ஊசியும் அதோடு நின்றுவிடும். கட்டியும் தம்பியும் சேர்ந்து அப்பாவை முடித்துவிடுவார்கள். அதைவிட, பெத்த பொண்ணு தெரியாமயா வெக்கும் என்ற குரல் இன்னும் அவள் காதிலேயே இருந்தது.

"உப்பு இல்லாத கஞ்சிங்க மேடம்" என்றாள். "நான்தான் உப்பே போடல. மலையில மருந்து வாங்கியாந்து குடுத்தன். உப்பு கூடாதுன்னாங்க. சேலத்துல கேட்டாங்க, இல்லன்னு சொல்லிட்டன். தண்ணி நெறையக் குடுக்கச் சொன்னாங்க. அத மட்டும் குடம் குடமாக் குடுத்தன்."

வீரமுத்து அக்காவைத் திரும்பிப் பார்த்தான். டாக்டரம்மா சீட்டைக் கீழே வைத்தாள்.

"எத்தன நாளா?"

"ஒரு மாசத்துக்கு மேல இருக்குங்க."

"ஏம்மா, ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?" டாக்டரம்மாவின் குரலில் கோபத்தைவிட அலுப்புதான் அதிகம். "இந்த ஊசியே சில பேருக்கு ஒடம்புல இருக்கற உப்ப எறக்கும். வாந்தி வேற. அதுக்கு மேல நீங்க சாப்பாட்டுலயும் நிறுத்திட்டுத் தண்ணியா ஊத்தியிருக்கீங்க. மூளை கொழம்பாம என்ன செய்யும்?"

"சரியாயிடுவாரா மேடம்?"

"கொஞ்சங்கொஞ்சமாத்தான் உப்ப ஏத்தணும். சட்டுனு ஏத்துனா அது வேற ஆபத்து. பாக்கலாம்."

வராந்தாவில் வீரமுத்து அவளிடம் பாய்ந்தான். "நான் ஊசியத் திட்டிக்கினு இருந்தன். நீ பக்கத்துலயே நின்னு கேட்டுக்கினு இருந்த! அப்பக்கூட வாயத் தொறக்கல இல்ல நீ?" சொல்ல அவளுக்கு என்ன இருக்கிறது? அவன் விருட்டென்று போய்விட்டான். மறுநாள் மாற்றுப் புடவையும் அவளுக்குச் சோறும் கொண்டுவந்து வைத்தான். ஆனால் முகம் கொடுத்துப் பேசவில்லை. சேலத்துக்குப் போன் செய்து, வியாழக்கிழமை வர முடியாது, அப்பா தேறியதும் அழைத்து வருகிறோம் என்று அவனே சொன்னான் என்பதை வார்டு நர்ஸ் சொல்லித்தான் அவள் தெரிந்துகொண்டாள்.

பிச்சைமுத்துவின் புத்தி ஒரேயடியாகத் திரும்பிவிடவில்லை. வரும், போகும். ஒரு நாள் நர்ஸைப் பார்த்து, எடுப்பு எத்தனை மணிக்கு என்று கேட்டார். இன்னொரு நாள், உப்பு நீர் ஏற்றிக்கொண்டிருந்த குழாயைப் பிடுங்கப் பார்த்தார். இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு செவ்வந்தி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். செத்துட்டேன் என்று அவர் சொன்னபோது இப்போது அவள் சண்டை போடவில்லை. "சரிப்பா. நான் கூடத்தான் இருக்கறன்" என்றாள். அதற்கு அவர் கொஞ்சம் அடங்கினார். இத்தனை நாள் இதை ஏன் செய்யாமல் போனோம் என்று அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

பிறகு ஒரு காலையில், ஜன்னல் பக்கம் பார்த்துப் படுத்திருந்தவர் திரும்பி, "செவ்வந்தி, வாயெல்லாம் கசக்குது. கொஞ்சம் வெந்நீர் குடு" என்றார். அவள் பெயரைச் சரியாகச் சொல்லி எத்தனை நாள் ஆயிற்று! கையில் இருந்த டம்ளரோடு அவள் அழுதாள். அவர் ஒன்றும் புரியாமல், "இன்னாடி?" என்றார்.

மதியம் வரை தெளிவு கலையவில்லை. ஒவ்வொன்றாக யோசித்துப் பார்ப்பவர் போல இருந்தார். "நான் எதுக்கு ராஜாம்பாளு வூட்டுக்குப் போனன்? வெய்யில்ல நின்ன மாரி இருக்குது."

தங்கச்சியப் பாக்கப் போன என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். நுனி நாக்கு வரைக்கும் வந்தது. பொய் சொல்லிப் பழகிய நாக்குக்கு அது பெரிய வேலை இல்லை. அவள் அதை விழுங்கிவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். வாசலில் நின்று அவர் சொன்னதை, கட்டியை, அது புண் இல்லை என்பதை, மலையை, பொடியை, உப்பை. தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். அடிப்பார் என்றுகூட எதிர்பார்த்தாள். அடித்தால் நன்றாக இருக்கும் போல இருந்தது.

பிச்சைமுத்து, "மலைக்கு ஒத்தையாவா போன?" என்று கேட்டார்.

"ஆமாம்பா."

"காட்டு வழியாச்சே. கூட யாரையாச்சும் இட்டுக்கினு போயிருக்கக் கூடாது?"

அவளுக்கு மறுபடியும் அழுகை வந்தது. அடித்திருந்தால் தாங்கியிருப்பாள்.

"கட்டி போயிடுமா?" என்றார்.

போயிடும்பா என்று எத்தனையோ தடவை சொன்னவள்தான். "தெரியாதுப்பா. ஊசி போட்டா சுருங்குனாலும் சுருங்குமாம். இல்லன்னா இல்ல. டாக்டருக்கே தெரியாதாம்."

அவர் தலையாட்டினார். பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள். தட்டு கழுவுகிற சத்தம் கேட்டது.

"அன்னிக்கு அங்க நின்னப்ப எனுக்கு ஒரு பயமும் இல்ல செவ்வந்தி. எல்லாம் முடிஞ்சிபோச்சி, சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிட்டா போதும்னு இருந்திச்சி. அவ்ளதான்." நிறுத்தினார். "இப்பதான் பயமா இருக்குது."

பயப்படாதே என்று சொல்வதையே இத்தனை மாதமாக வேலையாக வைத்திருந்தாள். இப்போது அதைச் சொல்ல வாய் வரவில்லை. "எனுக்கும் பயமாத்தாம்பா இருக்குது" என்றாள்.

அவர் கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். எலும்பாகிப்போன அந்தக் கையில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ, வளையல் சதையில் அழுந்தியது. அவள் விடுவித்துக்கொள்ளவில்லை.

"அடுத்த ஊசி போடறப்ப உள்ள வந்து பக்கத்துல உக்காந்துக்கறியா?"

"உள்ள உட மாட்டாங்கப்பா."

"கேட்டுப் பாரேன்."

"கேக்கறன்" என்றாள்.